சுறா அக்கா மீன் விற்காத நாள்

சுறா அக்கா! உங்களைப் போல ஒரு வாய்க்காரி இனி இந்த வன்னியில் பிறக்கப்போவதில்லை. நீங்கள் பனையோலை மீன் கடகத்தோடு எங்கள் தண்ணீரூற்று ஊருக்குள் வந்தால் நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டு வழிவிடும்.

குட்டிச் சுறாவை நாங்கள் பால்சுறா என்போம். அவித்து உதிர்த்து வறை வறுத்துக் கொடுத்தால் பெற்றவளுக்குப் பால் ஊறும் என்பார்கள். பால் கொடுக்கிற பெண் இல்லாத வீட்டுக்கு அக்கா பால்சுறா விற்கவே மாட்டார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். ஒருநாள் ஊர் அதிகாரியான விதானை ஐயா ஆசைப்பட்டுப் பால்சுறா கேட்டார். அக்கா திருப்பிக் கேட்டார்.

"உங்கடை வீட்டில ஆர் ஐயா பால் குடுக்கிறது? நீங்களோ?"

அன்றைக்கு விதானை வீட்டில் பருப்புக் கறி.

என் மகனை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். வலி எடுத்தும் பிள்ளை இறங்காமல், உழவு மெசின் பெட்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில மாதத்தில் அவன் கன்னமெல்லாம் சிவந்து நீர் வடிந்தது. கரப்பன். ஊர் வாயைத் திறந்தது.

"நோகாமப் பெத்தவள். வெட்டி எடுத்த பிள்ளை வேற எப்பிடி இருக்கும்?"

நோகாமலா? தையல் போட்ட வயிற்றோடு கிணற்றில் தண்ணீர் அள்ளியவள் நான். அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தி ஒரு வாளி தூக்கித் தந்தாளா? இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

வெட்டின வயிற்றுக்காரியின் பால் கெட்ட பால் என்றும் கதை கட்டினார்கள். அதை நம்பியது வேறு யாருமில்லை, என் சொந்த அம்மா. வவுனியாவிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த பால்மாவு அடைத்த ஒரு தகரப் பேணியை, இரண்டு கோழியைக் கொடுத்து வாங்கி வந்தார். "இனி உன்ரை பால் வேண்டாம்" என்றார். சண்டையால் வன்னிக்குள் சாமான்கள் வரத் தடை இருந்த காலம். அந்தப் பேணி முடிந்தால் அடுத்த பேணி எங்கே? அதற்குள் என் பால் வற்றிவிடாதா? மார்பு கட்டிப்போய் வலித்தது. பிள்ளை போத்தலைத் தள்ளிவிட்டுக் கத்தினான்.

அந்த நேரம் பார்த்து வந்தார் சுறா அக்கா. விசயத்தைக் கேட்டதும் கடகத்தை எங்கள் வாசலில் இறக்கிவைத்து, பக்கத்தில் தானும் குந்திவிட்டார்.

"இந்தப் பொடியன் தாயில பால் குடிக்கிற வரைக்கும் ஊருக்கு மீன் இல்லை."

"உனக்கென்ன விசரே? எழும்பிப் போ!" என்றார் அம்மா.

"ஓம், விசர்தான். நீ அந்தப் பேணியை அலுமாரிக்குள்ளை வை, எனக்குச் சுகம் வரும்."

வெயில் ஏறியது. மீன் மணத்தது. பூனைகள் வந்து பந்திக்கு இருப்பதுபோல வரிசையில் இருந்தன. உலை வைத்துவிட்டு வந்த பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். என்னை நோகாமல் பெற்றவள் என்ற அதே ஆட்கள்.

"அக்கா, சூடை மீனாவது தாங்கோ, அவர் தோட்டத்தால வரப்போறார்!"

"என்னட்டைக் கேளாதை. இந்த மனிசியைக் கேள்."

பிறகென்ன, ஊரே அம்மாவின் மேல் பாய்ந்தது. "பிள்ளையும் கத்துது, எங்கடை சட்டியும் காயுது. குடுக்க விடணை!"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பேணியை உள்ளே கொண்டுபோனார். நான் பிள்ளையை அணைத்தேன்.

"குடிக்கிறானோ?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார்கள்.

"குடிக்கிறான்!" என்று கத்தினேன்.

கண் மூடித் திறப்பதற்குள் கடகம் காலி. ஒரு பால்சுறா மட்டும் என் சட்டிக்குள் கிடந்தது.

ஆனால் கரப்பன் போகவில்லை. அதை அக்கா தனக்கு நடந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். "நன்றிகெட்ட சொறி!" என்று பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தே ஏசினார். பிறகு என்னை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

டொக்டர் பொறுமையானவர். "வெட்டி எடுத்த பிள்ளையளுக்கு இப்பிடியான ஒவ்வாமை கொஞ்சம் கூடுதலா வரக்கூடும், வராமலும் விடும். தாய்ப்பால் நல்லது, நிப்பாட்டாதையுங்கோ. ஆனா அது மந்திரமில்லை. வெட்டாட்டில் ரெண்டு பேரும் இண்டைக்கு இல்லை. தாயில பிழையில்லை."

"கொஞ்சமோ? அந்தக் கொஞ்சத்துக்கே இவளை ஊர் தின்னுது!" என்று அக்கா அவர்மேலும் பாய்ந்தார்.

அடுத்த நாள் காலை ஊர்த் தெரு ஒழுங்கை முழுக்க அக்காவின் குரல் கேட்டது.

"சூடை! சாளை! தாயில பிழையில்லையாம், டொக்டர் சொல்லிப்போட்டார்! கீரி மீன்!"

என் அம்மா அன்று குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்து சிரித்ததை நான் கண்டேன்.

மகனுக்கு இப்போது கரப்பன் குறைவு. மாரி மழைக் காலத்தில் மூச்சிழுப்பு வரும். போன மாரியில் சுறா அக்காவை மலேரியா கொண்டுபோய்விட்டது. காய்ச்சலுக்கு விழுங்கும் குளிசை இருந்த இடத்தில் அக்கா இல்லை, அக்கா கிடந்த இடத்தில் குளிசை இல்லை. இவ்வளவு பெரிய வாயை மூட ஒரு நுளம்புக் கடி போதுமென்றால் இது என்ன நியாயம்?

உங்கள் சாமி எந்தச் சாமி என்றாலும் சரி, அவருக்காக எல்லோரும் ஒருமுறை மன்றாடுங்கள். அங்கேயும் யாராவது ஒரு தாய்க்காக அவர் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருப்பார். அவரின் தொண்டை நோகாமல் இருக்கட்டும்.