போயிட்டு வாங்க என்பதற்கு இங்கிலீஷ்

பெட்டிகளை வேனில் ஏற்றியாகிவிட்டது. ஏற வேண்டிய இத்தாலிக்காரக் கிழவரும் கிழவியும் மட்டும் விடுதி வாசல் கதிரைகளில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"புள்ள, அவங்களுக்கு என்ன சொன்னீங்க?" என்றார் முதலாளி ஸெய்னுலாப்தீன்.

"போயிட்டு வாங்கன்னுதான் சொன்னேன் மொதலாளி."

சிந்துஜா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கண்டி வாவிக்கு மேலே இருக்கும் இந்த விடுதியில் வரவேற்பு மேசைக்கு வந்து மூன்று மாதம். வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்பது நாளைக்குத் தெரிந்துவிடும். இங்கிலீஷை அவள் படித்ததெல்லாம் பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்ட பாட்டுகளில்தான். வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சி பறக்குது என்றால் அது வயித்தோட்டமில்லை, படபடப்பு என்று கண்டுபிடிக்கவே ரெண்டு மாதம் போயிற்று, பாவம்.

முதலாளி சொல்லிக்கொடுத்தது 'குட்பை'. அவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவேயில்லை. மலைப்பாதையில் இறங்கப்போகிற வயசாளிகளை ஒரேயடியாகப் போய்த் தொலை என்பதுபோல் இருந்தது. திரும்பி வரச் சொல்லித்தானே யாரையும் அனுப்புவோம்? அதற்கு இங்கிலீஷ் பாட்டுகளில்தான் கிடைத்தது.

"முழுசாச் சொல்லுங்க."

"நீங்க போனா என் இதயம் சுக்குநூறாயிரும், காலம் முடியிற வரைக்கும் காத்திருப்பேன்னு..."

ஸெய்னுலாப்தீன் தலையில் கைவைத்துக்கொண்டார். "யா அல்லாஹ். பொண்டாட்டி பக்கத்துல இருக்கக்குள்ளயா?"

"அவங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்."

"போய் மன்னிப்புக் கேளுங்க. ரயிலுக்கு நேரமாகுது."

போனாள். பாட்டுகளில் மன்னிப்பு என்றால் சும்மா வருமா? "பிழை என்னோடதுதான், நீங்க இல்லாம எனக்கு மூச்சே வராது" என்றாள். கிழவி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

பதறிப்போன சிந்துஜா கிழவரையாவது தேற்றுவோம் என்று, "நீங்க என் கண்ணுக்குள்ள இருக்கிற ஆப்பிள்" என்றாள். கிழவர் வேனைக் காட்டி, பெட்டிகளை இறக்கச் சொல்லிக் கையசைத்தார்.

"செல்லம்னு அர்த்தம் மொதலாளி."

"அர்த்தத்தக் கொண்டுபோய் வீட்டுல வைங்க. நாளைக்குன்னு இல்ல, நீங்க இன்னைக்கே கிளம்பலாம்."

மகள் கதிரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று அம்மா தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதை நினைத்ததும் சிந்துஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பையை எடுத்தாள்.

அதற்குள் வேன் டிரைவர் கிஷான் வாசலுக்கு வந்தான். இத்தாலியில் ஆறு வருஷம் வேலை செய்தவன். கிழவர் பக்கத்தில் குந்தி அவர்கள் பாஷையிலேயே என்னவோ கேட்டான். கிழவர் கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசினார்.

"என்னவாம்? பொலிஸுக்குப் போறாங்களாமா?" என்றார் முதலாளி, குரல் இறங்கிப்போய்.

கிஷான் பின்கழுத்தைச் சொறிந்தான்.

"இல்ல மொதலாளி. அவங்களும் இங்கிலீஷ பாட்டுக் கேட்டுத்தான் படிச்சாங்களாம். ரெண்டு வாரமா நம்ம நாட்டுல சரியான இங்கிலீஷ் பேசின ஒரே ஆள் இந்தப் பிள்ளைதானாம், இன்னும் நாலு நாள் இருந்து பேசிட்டுப் போறாங்களாம்."