படைத்தலைவர் பூவராகனின் அறை

இந்த வீட்டில் இனிமேல் ஒருவருடைய சொல்தான் செல்லும் என்று பூவராகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தார். அந்த ஒருவர் தாமே என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஐயமெல்லாம் வீட்டிலிருந்த மற்ற இருவருக்குத்தான்.

பெருங்களத்தூரில், நான்காம் மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. சின்ன அறை யாருக்கு என்பதே வழக்கு. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்க்கும் பூவராகன் அதில் பெரிய மேஜை ஒன்றையும், சுழல் நாற்காலியையும், ஏசியையும் நிறுவியிருந்தார். அவர் மனைவி புஷ்பலதாவோ, மாலைதோறும் கூடத்துத் தரையில் பதினோரு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"கூடத்துல குக்கர் விசில், காலிங் பெல், உங்க டிவி. பசங்க எப்படிங்க படிப்பாங்க? அந்த மேஜையை எடுத்துட்டா பதினோரு பேரும் உள்ள உக்காரலாம்."

"அப்ப நான் எங்க வேலை பாக்கறது?"

"வேலையா? போன புதன்கிழமை உங்க மேனேஜர் எனக்கு போன் பண்ணினாரு. சார் கேமராவ ஆஃப் பண்ணிட்டாரு, மைக்க மறந்துட்டாரு, எல்லாரும் குறட்டையத்தான் கேட்டுட்டிருக்கோம்னாரு."

பூவராகனின் காது மடல் சிவந்தது. பொய்யைக் கேட்டு வரும் கோபம் அரை நாழிகையில் ஆறிவிடும். உண்மையைக் கேட்டு வரும் கோபம் இருக்கிறதே, அது தணிவதற்கு வழியே தெரியாமல் தவிக்கும்.

"இந்த வீட்டுக்கு யாரு தலைவர்? எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்!" என்று கர்ஜித்தார்.

கல்லூரியில் படிக்கும் மகள் ஸ்நேகா போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். சனிக்கிழமைகளில் தோழிகளோடு சேர்ந்து, வாளும் மந்திரமும் நிறைந்த ஒரு மாய உலகத்தில் வேடமேற்று விளையாடுபவள் அவள்.

"கத்தாதீங்கப்பா. இந்த டெஸ்டை எழுதுங்க. இருபது கேள்வி. உங்க குணத்துக்கு அந்த உலகத்துல நீங்க யாருன்னு சொல்லிடும். படைத்தலைவர், மந்திரவாதி, துறவி, திருடன்னு நிறைய இருக்கு."

"கொண்டா! தலைவர்னு யாருக்கு வருதோ அவங்க சொல்றதுதான் சட்டம். சம்மதமா, புஷ்பா?"

"சம்மதம். நீங்க முதல்ல எழுதுங்க. எனக்கு மாவு அரைக்கணும்."

மகளின் போனிலேயே அவர் எழுதினார். அதுவும் நேர்மையாக எழுதினார். குகையில் பொற்குவியல் கிடைத்தால்? யாருக்கும் சொல்ல மாட்டேன். பூதம் எதிரே வந்தால்? பின்னால் இருப்பவரை முன்னால் தள்ளுவேன். காவல் பணி தரப்பட்டால்? உறங்குவேன். முடிவு பளிச்சென்று வந்தது: 'நீங்கள் ஒரு திருடன்.'

"எவன் எழுதினான் இதை? இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல ஆபீஸ்லேர்ந்து ஒரு துரும்பு எடுத்திருப்பேனா?"

"அப்பா, உங்க சட்டைப் பையில இருக்கிறது ஆபீஸ் பேனாதானே?"

தாம்பரம் ரயில் நிலையத்தில் ஒரு கனவான் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினாராம். தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. சினந்து அதை ஓங்கி உதைத்துவிட்டு மறுபடியும் ஏறினார். அப்போதும் தொண்ணூற்றெட்டுதான்; கால் வீக்கம் மட்டும் உபரி. பூவராகன் இயந்திரத்தை உதைக்கவில்லை. அதைவிடக் கீழான காரியம் செய்தார்: வேறொருவரை ஏற்றிவிட்டு அந்த எடையைத் தமதாக்கிக்கொள்ள எண்ணினார்.

மறுநாள் காலை மின்சார ரயிலில், குரோம்பேட்டையில் தொடங்கித் தம் போனில் மீண்டும் எழுதினார். ஒவ்வொரு கேள்விக்கும், 'புஷ்பா என்ன செய்வாள்?' என்று யோசித்து, அதையே பதிலாகக் குறித்தார். பசித்தவன் வந்தால்? தன் தட்டிலிருந்து பங்கிடுவாள். பாலம் உடைந்தால்? யாரையும் திட்டாமல் கயிறு தேடுவாள். திரிசூலம் வருவதற்குள் விடை வந்துவிட்டது. 'நீங்கள் ஒரு படைத்தலைவர்!' மேலே தங்கக் கிரீடம்; கீழே நான்கு வரி விளக்கம். கிரீடத்தைக் கண்ட கண்ணுக்கு விளக்கம் எதற்கு? வாசிக்காமலே, எண்பத்து நான்கு வீட்டார் இருக்கும் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டார். 'அனைவருக்கும் காலை வணக்கம். அடியேனின் ஆளுமை.'

வாசிப்பதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள். இரண்டாம் மாடி சுப்பராயலு, குடியிருப்புச் சங்கச் செயலாளர், அந்த வகை. கிண்டியில் பூவராகன் இறங்கும்போது சுப்பராயலுவின் பதில் வந்திருந்தது. 'முழுதும் படித்தேன் சார். தலைவர் தம் கூடாரத்தைச் சிறியவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெளியே தங்குவார் என்று போட்டிருக்கிறதே. நீங்கள் அப்படிப்பட்டவரா?'

அதன் கீழே புஷ்பலதா: 'ஆமாம் அண்ணா. தம் அறையை டியூஷன் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டார். இன்று மாலை முதல் வகுப்பு அங்கேதான்.'

அவ்வளவுதான். கூப்பிய கைகள் மழையாகப் பொழிந்தன. இரண்டு பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பும் ஜீவிதா, 'இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனமா சார்!' என்று கண்ணீர்த் துளிகளோடு எழுதியிருந்தாள்.

அரை நாள் விடுப்புப் போட்டு, கொதித்துக்கொண்டே வீடு திரும்பினார் பூவராகன். செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினார்.

"யாரைக் கேட்டு எழுதினே? என்ன துணிச்சல் உனக்கு!"

"தலைவர் சொல்றதுதான் சட்டம்னு சொன்னது நீங்க. தலைவர் என்ன செய்வாருன்னு சொன்னது அந்த டெஸ்ட். நான் எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான்."

"அந்த டெஸ்டே செல்லாது! நான் ஒண்ணும் என் பதிலை எழுதல. எல்லாத்துக்கும் நீ என்ன சொல்வேன்னு பாத்துத்தான் போட்டேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

புஷ்பலதா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப தலைவர் நான்தான். நான் சொல்றேன், ரூம் பசங்களுக்கு."

"முடியாது! முடியவே முடியாது!" சின்ன அறைக்குள் பாய்ந்து தம் மேஜையை ஓங்கிக் குத்தினார், கை வலித்தது, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. பின்னாலேயே வந்தாள் புஷ்பலதா.

"சரி, வேண்டாம். உங்க சொந்தப் பதிலுக்கு வந்ததை ஸ்நேகா எனக்கு அப்படியே அனுப்பி வச்சிருக்கா. 'முன்பு அனுப்பியது பிழை, இதுவே சரி'ன்னு அதைக் குழுவுல போட்டுடறேன். ரூமை நீங்களே வச்சுக்குங்க."

அவள் கட்டை விரல் போனின் மேல் நின்றது. ஒரு பக்கம் அறை, ஏசி, மதிய உறக்கம். மறுபக்கம் எண்பத்து நான்கு வீடுகள். லிஃப்டில் தம்மைக் கண்டதும் சட்டைப் பையைப் பிடித்துக்கொள்ளப்போகும் சுப்பராயலு. பூவராகனுக்குக் கோபம் பொங்கியது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அன்பர்களே, புகழை விரும்புங்கள், அதில் குற்றமில்லை. பிறர் குணத்தை இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு மட்டும் புகழுக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். அந்தச் சட்டை உங்களுக்கு இறுக்கும்; கழற்றவோ வெட்கம் விடாது.

"போடாதே" என்றார் பூவராகன். அது கட்டளையாக ஒலிக்க வேண்டும் என்று அவர் மிகவும் முயன்றார்.

புஷ்பலதா போனை இடுப்பில் செருகிக்கொண்டு மேஜையின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"பசங்க ஆறு மணிக்கு வந்துருவாங்க. அந்தப் பக்கம் பிடிங்க, தலைவரே."