காஷ்மீரிலிருந்து தாம்பரம், வழி சானடோரியம்

இந்தியாவில் ஓடுகிற அத்தனை லாரி டிரைவர்களிடமும் ஒரு முறையாவது திட்டு வாங்கிய மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் டைனமோதான். பஞ்சாபி, இந்தி, மராட்டி, தெலுங்கு என்று மொழிவாரியாக வாங்கிக்கொண்டு வந்து, கடைசியில் பல்லாவரத்தில் தமிழில் திட்டு விழுந்தபோதுதான் ஊர் வந்துவிட்டது என்று அவருக்கு நிம்மதியாக இருந்ததாம்.

எண்பதுகளின் நடுவில், மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டை ஒட்டிய காலனியில் நாங்கள் இருவரும் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். கிண்டியில் ஒரே ஆபீஸ். நான் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போவேன். அவர் சைக்கிளில் போவார். உச்சி வெயிலிலும் டைனமோவைச் சக்கரத்தோடு அழுத்திவிட்டு, விளக்கு எரிய எரியத்தான் போவார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் பயன்பட்டது.

"பகல்ல எதுக்கு சார் லைட்டு?" என்று கேட்டால், "எனக்கு ரோடு தெரியுது. ரோட்டுல வர்றவனுக்கு என்னைத் தெரிய வேண்டாமா?" என்பார். கேட்டவர்தான் அசடு வழிய வேண்டும்.

அவருக்கு ஒரே ஒரு வேகம்தான் உண்டு. மழை வந்தாலும் அதே வேகம், மாமியார் வந்தாலும் அதே வேகம். எங்கள் தெரு நாய்கள் புதிதாக வந்த யாரையும் விடாமல் துரத்தும். டைனமோவைத் துரத்திய நாய் மட்டும், அவர் பயப்படவும் இல்லை, வேகம் கூட்டவும் இல்லை என்று தெரிந்ததும் பாதி வழியில் மானம் போனது போல நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு திரும்பிவிடும்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் ஆபீஸில், சேர்ந்து கிடக்கும் லீவெல்லாம் வீணாகப் போகிறது, அதனால் காஷ்மீரிலிருந்து சைக்கிளில் தனியாக வரப் போகிறேன் என்று அறிவித்தார். வேறு யாராவது என்றால் லீவு வீணாகிறது என்று திருப்பதிக்குப் போவார்கள்.

"எல்லாரும் காஷ்மீர் டு கன்னியாகுமரிதானே சார் போவாங்க?" என்றேன்.

"கன்னியாகுமரியில எனக்கு யார் இருக்கா? என் வீடு தாம்பரத்துல இருக்கு."

நிபந்தனையும் போட்டுக்கொண்டார். காஷ்மீரில் மிதிக்க ஆரம்பித்தால் வீட்டு வாசலில்தான் நிறுத்துவது. நடுவில் லாரி, பஸ், படகு எதுவும் கிடையாது. ஒரு அடி விட்டுப்போனாலும் அத்தனையும் செல்லாது. நாங்கள் சிரித்தோம். அவர் மனைவி சிரிக்கவில்லை. நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அந்த அம்மாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் ஒரு படி விட்டுப்போயிருந்தால் மார்க் போட மாட்டார்.

"வீட்ல இருந்தாலும் சைக்கிளைத்தான் துடைச்சிக்கிட்டு இருப்பார். போய் மிதிச்சிட்டு வரட்டும்" என்று சொல்லி, எலுமிச்சை ஊறுகாய் கட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு டைனமோ போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு வழியெங்கும் இருந்து கார்டு வந்தது. அக்கா அதை எங்களுக்குப் படித்துக் காட்டித் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஆக்ராவுல இருந்து எழுதியிருக்கார். தாஜ்மகால் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. மாடித் தொட்டிக்கு மூடி போட்டியான்னு கேக்கறார்!"

கடைசிக் கார்டு நெல்லூரிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை காலை வீட்டில் இருப்பேன், இட்லி போதும் என்று எழுதியிருந்தார்.

இட்லியோடு விட எங்கள் காலனிக்கு மனசு வருமா? மைதானத்தில் பந்தல் போட்டோம். வரவேற்புக் குழுவுக்குத் தலைவர் மரக்கடை முதலாளி. காலனி வருவதற்கு முன்னால் அந்த இடமெல்லாம் அவர் குடும்பத்தின் நெல் வயல். அதனாலேயே எங்களையெல்லாம் தன் வயலில் விளைந்தவர்கள் போலப் பாவித்து அன்பு காட்டுவார். ஜீப், லாரி, பேண்டு வாத்தியம் எல்லாம் அவர் உபயம். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் பொன்னாடையைப் போர்த்திவிட வேண்டும் என்பது மட்டும் அவர் போட்ட கட்டளை.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் ஒரு கும்பலாக, தாம்பரத்துக்கு முந்தின சானடோரியம் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தோம். குரோம்பேட்டைப் பக்கமிருந்து ஒரு வெளிச்சப் புள்ளி, அதே வேகத்தில் வந்தது. கறுத்து, இளைத்து, தாடி வளர்ந்து, பழனிக்குப் போய்விட்டு மொட்டையடிக்க மறந்தவர் போல இருந்தார் டைனமோ. "என்னப்பா, ஆபீஸ் லீவா?" என்றார். அவ்வளவுதான்.

முகம் கழுவிக் காபி குடிக்கட்டும் என்று அவரை எதிரில் இருந்த ஹோட்டலுக்குள் அழைத்துப் போனோம். வெளியே வந்து பார்த்தால் சைக்கிளைக் காணோம். அண்ணாந்து பார்த்தால் லாரி மேல் இருந்தது. இரண்டு பக்கமும் வாழை மரம், ஹேண்டில்பாரில் ரோஜா மாலை, மட்கார்டில் சந்தனம், குங்குமம். ரோட்டில் கற்பூரம் ஏற்றிப் பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டது.

டைனமோ பதறிப்போனார். "ஐயையோ, இறக்குங்க! நான் மிதிச்சுத்தான் வரணும்!"

"இன்னா சார் நீ!" என்றார் மரக்கடைக்காரர். "இம்மாந்தூரம் மிதிச்சிகினு வந்துகீற. ஊரு எல்லைக்கு வந்தப்பறமும் உன்ன மிதிக்க வுட்டா எங்களுக்கு இன்னா மருவாதி கீது? ஏறு சார் ஜீப்புல!"

அதற்குள் பேண்டு ஆரம்பித்துவிட்டது. டைனமோ வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மாலை விழுந்தது. மூக்குவரை மாலை ஏறியதும் நாலு பேர் அவரை அலாக்காகத் தூக்கி ஜீப்பில் நிறுத்தினார்கள். அவர் லாரியைக் கை காட்டிக் காட்டி ஏதோ கத்தினார். கூட்டம் முழுக்க லாரியைப் பார்த்துக் கை தட்டியது.

"அய்வுறாரு பா! சந்தோசத்துல பேச்சு வரல அவுருக்கு!" என்று மரக்கடைக்காரர் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஊர்வலம் நேராக டைனமோவின் வீட்டு வாசலுக்கு வந்தது. பட்டுப்புடவையில், ஆரத்தித் தட்டோடு அக்கா நின்றுகொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்தார். பின்னால் வந்த லாரியைப் பார்த்தார்.

"சைக்கிள் ஏன் மேல இருக்கு?"

"சானடோரியத்துலயே ஏத்திட்டோம்மா!" என்றார் மரக்கடைக்காரர் பெருமையாக.

டைனமோ மாலைகளை வாய்க்குக் கீழே இறக்கினார். "நான் எவ்வளவோ சொன்னேன். யாரும் கேக்கலை" என்றார். குரல் உடைந்திருந்தது. இமயமலைச் சரிவிலும் வேகம் மாறாத மனிதர், பென்சிலைப் பறிகொடுத்த பிள்ளை மாதிரி நின்றார். அப்போதுதான் அன்பு மிகுதியில் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறோம் என்று எங்களுக்கு உறைத்தது.

அக்கா வெற்றிலை மேல் எரிந்த கற்பூரத்தை அணைத்தார்.

"அப்ப நீங்க இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு உள்ளே போய்விட்டார்.

மரக்கடைக்காரர் ஆடிப்போய்விட்டார். "அடப் பேஜாரே! தோ, கூப்புடு தூரம். இதுக்குப் போயி..."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "காஷ்மீர்லேருந்து தாம்பரம்னு சொல்லிட்டுப் போனாருங்க. சானடோரியம்னு சொல்லலை."

டைனமோவின் முகத்தில் உயிர் வந்தது. தானே லாரியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். சைக்கிளை இறக்கி, சானடோரியத்தைப் பார்த்துக் கிளம்பினார். நான் ஒருவரிடம் ஸ்கூட்டரை இரவல் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"சார், இப்ப போறீங்களே, அதே ரோடுதானே? இதையே கணக்குல வச்சுக்கலாமே?"

"இது போறது. நான் செய்ய வேண்டியது வர்றது."

பஸ் ஸ்டாப்பில் பூசணிக்காய் சிதறிக் கிடந்த இடத்தைத் தேடி, கற்பூரம் கருகிய கறைக்குப் பின்னால் சக்கரத்தை வைத்தார். அங்கிருந்து மறுபடி மிதித்தார். இந்த முறை பேண்டு இல்லை, மாலை இல்லை. ஒரு பல்லவன் பஸ் கண்டக்டர் மட்டும் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "தாத்தா, ஓரமா போயேன்!" என்று வரவேற்றார். அவர் வேகத்துக்கு ஸ்கூட்டர் ஓட்டுவது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு முறை இன்ஜின் நின்றுவிட்டது.

நாங்கள் திரும்பியபோது விழா முடிந்திருந்தது. ராகு காலத்துக்குப் பயந்து மரக்கடைக்காரர் காலி நாற்காலிக்கே பொன்னாடை போர்த்தி, அதைப் புகழ்ந்து பேசிவிட்டு இறங்கியிருந்தார். கேசரி காலி. கூட்டமும் காலி. ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் அக்கா மட்டும் நின்றார். தட்டில் புதுக் கற்பூரம் எரிந்தது. பந்தலில் இருந்து மரக்கடைக்காரர் ஓடி வந்தார். "அம்மா, ராவு காலம்மா! கொஞ்சம் நிக்க சொல்லுமா!"

"இத்தனை நாள் காத்திருந்தது போதும்" என்றார் அக்கா.

சைக்கிள் வாசலில் வந்து நின்றது. டைனமோ காலை ஊன்றினார். அக்கா மெதுவாக, ஒரு சுற்றும் குறையாமல் ஆரத்தி சுற்றினார். நெற்றியில் பொட்டு வைத்தார்.

"கால் வலிக்குதா?"

டைனமோ கொஞ்சம் யோசித்தார். "இப்பத்தான் வலிக்குது" என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்துப் படியேற்றினார். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அந்த மனிதரை நான் கேலி செய்யாத நாளே கிடையாது. அன்றைக்கும் எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சைக்கிளைத்தான் உருட்டிக்கொண்டு போய் நிழலில் நிறுத்தினேன்.