பதினாலு பட்டாம்பூச்சி

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் கூப்பிட்டாலும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று ஒரு சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்க எனக்கு என்ன கல்யாணமா ஆகவில்லை?

நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவன். தெருவில் எனக்கு 'ரீடிங் சார்' என்று பெயர். நாய்களும் எனக்கு ஏதோ பெயர் வைத்திருக்கின்றன. பார்த்தவுடன் எல்லாம் ஒரே குரலில் கூப்பிடும். ஒரு நாளைக்கு இருநூறு வீடு. ஆறு நாள் நடந்த கால் ஏழாம் நாள் நீட்டிக்கொள்ளத்தானே பார்க்கும்? அந்த ஏழாம் நாளுக்கென்றே என் மனைவி ஒரு பட்டியல் வைத்திருந்தாள். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும். பரண், ஒட்டடை, தண்ணீர்த் தொட்டி, ஃபேன். கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரியில் மறுபடியும் தூசி சேர்ந்திருக்கும்.

அப்படி ஒரு ஞாயிறு, பரணில் பாதி உடம்பும் ஏணியில் பாதி உடம்புமாக நான் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் பூச்சி டீச்சர் வந்தார். பக்கத்துத் தெரு. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.

"சார், வீட்டுத் தோட்டத்துல பட்டாம்பூச்சி எந்த மாசம் கூடுது, எந்த மாசம் குறையுதுன்னு ஒரு வருஷம் கணக்கெடுக்கிறோம். உங்க கொல்லையில எலுமிச்சை, செம்பருத்தி எல்லாம் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஒன்பதிலேருந்து பத்து வரைக்கும்…"

"என்ன செய்யணும்?"

"நாற்காலி போட்டு உட்காரணும்."

ஒரு படி இறங்கினேன். "அப்புறம்?"

"அசையக் கூடாது."

இரண்டு படி இறங்கினேன். "அப்புறம்?"

"அந்த நேரத்துல யாரும் வந்து கூப்பிடக் கூடாது. ஆள் நடமாட்டம் இருந்தா பூச்சி வராது."

மிச்சப் படிகளை நான் இறங்கவில்லை. குதித்தேன்.

டீச்சர் நீட்டிய ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்குப் பட்டாம்பூச்சின்னா இவ்வளவு உசுரா? கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆச்சு, சொல்லவே இல்லையே!"

"இதையெல்லாம் சொல்லிக்கிட்டா திரிவாங்க? மனசுக்குள்ளயே வெச்சிருந்தேன்."

"அப்ப பரண்?"

"பரண் எங்க ஓடிப்போகப் போகுது? பட்டாம்பூச்சி போயிடும்."

அவள் சிரித்தாள். அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. சிரித்தால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

"டீச்சர், ஃபாரம் இன்னொண்ணு குடுத்துட்டுப் போங்க. இவர் டீயைக் கொட்டிடுவார்" என்றாள்.

என்ன அக்கறை, என்ன அக்கறை என்று நான் பூரித்துப் போனேன். கூறுகெட்டவன், வேறென்ன சொல்ல?

அன்றைக்கே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, கொல்லைக் கதவில் ஆணி அடித்து மாட்டினேன்: 'பூச்சிக் கணக்கு நடக்கிறது. கூப்பிடாதீர்கள்.' கூப்பிடக்கூடியவள் வீட்டில் ஒருத்திதான் என்பதால் மரியாதை கருதி அவள் பெயரைப் போடவில்லை.

முதல் ஞாயிறு நிஜமாகவே எண்ணினேன். மஞ்சளில் எட்டு, வெள்ளையில் நாலு, கறுப்பில் சிவப்புப் பொட்டு வைத்தது இரண்டு. ஆக மொத்தம் பதினாலு. பிரமாதமாக இருந்தது. இரண்டாவது ஞாயிறு எலுமிச்சை நிழலில் நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, முதல் பூச்சிக்காகக் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது மணி பத்தரை.

எங்கள் தொழிலில் இதற்கு வழி உண்டு. மீட்டர் பார்க்கப் போகிற வீடு பூட்டியிருந்தால் சுவரேறியா குதிப்போம்? 'கதவு பூட்டியிருக்கிறது' என்று எழுதி, முன்னால் ஓடிய கணக்கைப் பார்த்து ஒரு சராசரி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருப்போம். என் கண்ணும் ஒரு கதவுதானே? பூட்டியிருந்தது. சராசரி போட்டேன். பதினாலு.

அதற்கப்புறம் ஒரு வருஷம் என் கதவு திறக்கவே இல்லை.

"இன்னைக்கு எத்தனைங்க?" என்று அவள் வாராவாரம் கேட்பாள். கேட்டுக்கொண்டே சூடாக டீ வேறு தருவாள்.

"பதினாலு."

"போன வாரம்?"

"பதினாலு."

"அதே பதினாலா?"

"ஒழுக்கமான பூச்சிங்கம்மா. சொன்ன நேரத்துக்கு வருது, சொன்ன நேரத்துக்குப் போகுது."

மழைக்காலத்தில் ஒரு நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நாற்காலியைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கடமையைச் செய்தேன்.

"இந்த மழையிலயும் பதினாலா?"

"குடை பிடிச்சுக்கிட்டு வந்துச்சு."

கோடையில் செம்பருத்தி கருகி, தோட்டத்தில் ஈ கூடப் பறக்கவில்லை.

"இன்னைக்கும்…?"

"அதேதான். விசிறிக்கிட்டே வந்துச்சுங்க. றெக்கை இருக்கே!"

அவள் மறுபடியும் சிரித்தாள். வயிற்றில் புளி கரைந்தது. ஆனால் பழகிப் போனால் புளியும் இனித்துவிடுகிறது. பட்டியலில் இருந்த காந்தம்கூட வேறு இடத்துக்குப் போய்விட்டது. உலகத்திலேயே மனைவியை ஜெயித்த ஒரே மீட்டர் ரீடர் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வருஷம் முடிந்தது. "ஒரு வருஷம் உட்கார்ந்து களைச்சுப் போயிருப்பீங்க. ஃபாரத்தை நானே குடுத்துட்டு வந்துடறேன்" என்று அவளே டீச்சர் வீட்டுக்குப் போய் வந்தாள்.

பத்து நாள் கழித்து டீச்சர் சுருட்டிய காகிதங்களோடு வந்து எங்கள் சாப்பாட்டு மேஜை மேல் விரித்தார். பாராட்டுப் பத்திரமாக்கும் என்று நான் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

"இது இருபத்திமூணு வீட்டுத் தோட்டம் சார். பாருங்க, மழை விட்ட கையோட எல்லாக் கோடும் மேல ஏறுது. வெயில் ஏற ஏற இறங்குது. திரும்ப மழை, திரும்ப ஏறுது."

"அழகா இருக்கு."

"இது உங்களுது."

ஒரே கோடு. அடிஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி கோடு வந்தால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

"உலகத்துலயே மழையும் வெயிலும் தெரியாத ஒரே தோட்டம் உங்களுதுதான் சார். எப்படி?"

"அது… பராமரிப்பு."

"அதிசயம் என்னன்னா, இதே தோட்டத்துலேருந்து இன்னொரு ஃபாரமும் வந்திருக்கு. சமையலறை ஜன்னல்லேருந்து எண்ணினது."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

இரண்டாவது ஃபாரம்! டீக்கறை ஒரு பொட்டு இல்லை. குண்டு குண்டான எழுத்தில் ஐம்பத்திரண்டு ஞாயிறும் வரிசையாக இருந்தன. மழை கொட்டிய நாள்: பூஜ்யம். மழை விட்ட அடுத்த வாரம்: முப்பத்தொன்று. கடும் கோடையில்: இரண்டு. டீச்சர் குறிப்புப் பகுதியை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"'ஒன்பது ஏழு. கணக்கெடுப்பவர் தூங்கிவிட்டார்.' 'ஒன்பது நாலு. தூங்கிவிட்டார்; சாதனை.' 'ஒன்பது இருபது. நீலமும் கறுப்புமாக ஒரு பெரிய பூச்சி. செம்பருத்தியைச் சுற்றிவிட்டு, கணக்கெடுப்பவரின் மூக்கில் உட்கார்ந்து சிறகை விரித்தது. மூன்று நிமிஷம். குறட்டை வந்ததும் போய்விட்டது.'" டீச்சர் ஃபாரத்தைக் கீழே வைத்தார். "சார், அந்தப் பூச்சியைப் பார்க்கணும்னு நான் பன்னிரண்டு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்."

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். நிஜமாகவே வருத்தமாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஒருத்தர் ஏங்குகிற பூச்சி, தேடி வந்து என் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

"ஏம்மா, ஒரு சத்தம் குடுத்து எழுப்பியிருக்கக் கூடாதா?"

"கதவுல போர்டு மாட்டியிருந்தீங்களே. நான் எப்படிங்க மீறுவேன்?"

டீச்சர் காகிதங்களைச் சுருட்டினார். "அடுத்த வருஷமும் இந்தத் தோட்டம் கண்டிப்பா வேணும். ஆனா நாற்காலியில அம்மாதான் உட்காரணும்."

"அய்யோ, எனக்கு எங்க டீச்சர் நேரம்? அந்நேரத்துக்கு அடுப்பு வேலை இருக்கே!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். நான் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

அடுத்த ஞாயிறு. எலுமிச்சை நிழலில் என் நாற்காலி, அதில் அவள். சமையலறையில் நான். ஒன்பது மணிக்குக் காய் நறுக்க ஆரம்பித்து, ஒன்பதே காலுக்கு விரலில் கட்டுப் போட்டு, பத்து மணிக்கு ஒருவழியாக எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றினேன். ஜன்னல் வழியாக அவள் எண்ணி எண்ணி எழுதுவதையும் பார்த்தேன். கணக்கு முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. ஃபாரத்தை மடியில் வைத்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். கதவில் போர்டு, நான் அடித்த அதே ஆணியில், அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

பத்தேகால். காய் கொதிக்கிறது. கையில் கரண்டியும் உப்பு டப்பாவுமாகக் கொல்லைக் கதவோரம் வந்து நின்றேன்.

"ஏம்மா… கணக்குதான் முடிஞ்சிருச்சே. இதுக்கு உப்பு எவ்வளவு போடணும்?"

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"கதவு பூட்டியிருக்கு. சராசரி போட்டுட்டுப் போங்க."