வீட்டுக்கு வா: ஆறடிக்கு நாலடி

அன்புள்ள அத்தைக்கு,

மாமா வாங்கிய புது அச்செழுத்தில் 'வ'வின் ஓட்டை அடைபட்டிருந்ததைத்தான் நான் முதலில் கவனித்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நலம் விசாரிக்காமலே ஆரம்பித்துவிட்டேன், மன்னியுங்கள். இங்கே கடையும் அச்சு இயந்திரமும் நலம். மாமாவும் நலம்தான், நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, அவ்வளவுதான். உங்கள் அக்கா வீட்டில் எல்லோரும் நலமா? காலையில் நடந்ததற்குப் பிறகு இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நேரில் வந்தால் எனக்கு வாய் வராது. வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னதற்கே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதனால்தான் தபால்.

மாமா அந்தப் புது எழுத்தை வாங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். இரும்பு பீரோக்களை வரிசையாக நிறுத்தியதுபோல ஒவ்வொரு எழுத்தும் தடியாக, சதுரமாக நின்றது. நீங்கள், "என்னங்க இது, கத்துது" என்றீர்கள். மாமா வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "உனக்கு என்ன தெரியும், போ" என்றார். நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்கே போய்விட்டீர்கள். பதினோரு நாள் ஆகிறது.

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. பல் டாக்டருக்கு 'வலியே இருக்காது' என்று அதே எழுத்தில் போர்டு போட்டுக் கொடுத்தோம், வந்தவர்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போனார்களாம், அந்த டாக்டர் வந்து மாமாவைத் திட்டியது இருக்கட்டும், அதற்குள் குழந்தைக் காப்பகத்துக்கு 'பிள்ளையை எங்களிடம் விடுங்கள்' என்று போட்டோம், அதைப் பார்த்து ஒரு அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டார்!

அன்றைக்கு மாமா என்னிடம், "உங்க அத்தை சொன்னது சரிதாம்மா" என்றார். அதை உங்களிடமே சொல்லக் கூடாதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நேற்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். 'தப்பு என்மேல்தான். வீட்டுக்கு வா.' அவ்வளவுதான். "இதை அந்த எழுத்துலயே அடிம்மா. அவ கண்ணாடி போடாமலே படிக்கணும்." மெல்லிய எழுத்தில் போடலாம் மாமா என்று தொண்டை வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. பேனர் ஆறடிக்கு நாலடி. அந்த எழுத்தின் பருமனுக்கு இரண்டு வரியும் கொள்ளவில்லை. "பெரிசா எது வேணும்னா, 'வீட்டுக்கு வா'ங்கறதுதான்" என்றார். 'தப்பு என்மேல்தான்' கீழே ஓரத்தில் விரல்கடை அளவுக்குப் போனது.

காலையில் உங்கள் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாமா அதைக் கட்டினார், ஏணியைப் பிடித்தது நான்தான். நிமிர்ந்து பார்த்தால் 'வீட்டுக்கு வா' மட்டும்தான் தெரிந்தது. "வீட்டை ஜப்தி பண்ணப் போறாங்க போல" என்றார் ஒருவர். உங்கள் அக்கா வெளியே வந்து, "யாருய்யா அது, எங்க வீட்டு முன்னாடி மிரட்டுறது?" என்றார். மாமா ஏணியிலிருந்து, "மிரட்டல அண்ணி, கெஞ்சுறேன்!" என்றார், அது யார் காதிலும் விழவில்லை. நீங்கள் ஜன்னலைச் சாத்திய சத்தம் மட்டும் ஏணியின் கடைசிப் படி வரை அதிர்ந்தது.

அத்தை, சத்தம் போட்டது எழுத்துதான், மாமா இல்லை. அந்தத் துண்டுச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலில் எறும்பு அளவுக்கு எழுதியிருக்கிறார், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அழித்த வரிகளும் தெரியும். 'நீ இல்லாம கடையில யாரும் சிரிக்கிறதில்ல' என்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் அடிக்கக் கொடுத்திருக்க வேண்டும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்காவுக்கு ஏணியைப் பிடித்தவளின் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் வாயில்லாப் பூச்சி

பின்குறிப்பு: நான் கை கழுவி வருவதற்குள், "உன் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாதும்மா" என்று மாமா உறையின்மேல் முகவரியை அச்சடித்து ஒட்டிவிட்டார். அதே எழுத்து. முன்பக்கம் போதாமல் பின்பக்கமும் சுற்றி வந்திருக்கிறது. தபால்தலை ஒட்ட இடமில்லை. ஆகவே தபால் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். இந்த வரியை உங்கள் அக்கா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணியை அடித்துவிட்டேன்.