மிச்சம் ஐம்பது சதவீதம்

சதவீதர்கள் என்றொரு இனம் உண்டு. செய்தித்தாள் அலுவலகங்களில், ஏசிக்கு நேர் கீழே பார்க்கலாம். ஆறு பேரிடம் கருத்துக் கேட்டு நான்கு பேர் தலையாட்டினால் போதும், "66.67 சதவீத மக்கள் ஆதரவு" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, புள்ளிக்குப் பின்னால் நிற்கும் அந்த இரண்டு இலக்கங்களைப் பெற்ற பிள்ளைகளைப் போலப் பூரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலையாட்டாத இரண்டு பேர்? ஒருவர் அலுவலகக் காவலாளி. இன்னொருவருக்குக் கேள்வியே காதில் விழவில்லை.

நம் சதவீதர் ஓர் உதவி ஆசிரியர். வீட்டில் முதல் பட்டதாரி. பள்ளியில் கணக்கு வகுப்பு என்றாலே கடைசி பெஞ்சுக்கு ஓடிவிடுவார். அதனால்தானோ என்னவோ, எண் எதைக் கண்டாலும் அவருக்கு ஒரு பயபக்தி. இரத்த அழுத்த மாத்திரை ஒன்றைப் பற்றிய ஆய்வு அவர் மேஜைக்கு வந்தது. முன்பு அதைச் சாப்பிட்ட பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மயக்கம் வந்ததாம், இப்போது இருவருக்கு. விடுவாரா? "மயக்க ஆபத்து நூறு சதவீதம் அதிகரிப்பு!"

மகன் வேலை பார்க்கும் பேப்பரை விளம்பரம் உட்பட விடாமல் படிக்கும் அவருடைய அம்மா, தான் தினமும் சாப்பிட்டுவந்த அந்த மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டார்.

"நூத்துக்கு நூறுன்னு நீதானேடா போட்டிருக்க? தெரிஞ்சே முழுங்கச் சொல்றியா?"

"அது அந்த நூறு இல்லம்மா..."

"வேற எந்த நூறு?"

சதவீதர் பையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். அந்த வாரம் முடிவதற்குள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

நல்லவேளை, ஆய்வாளர்கள் ஒரு திருத்தம் அனுப்பினார்கள்: இருவரில் ஒருவர் மயங்கியது சாப்பிடாமல் கிடந்ததால்தானாம், ஆக, பழையபடி ஒருவர்தான். சதவீதர் துள்ளிக் குதித்தார். "மயக்க ஆபத்து ஐம்பது சதவீதம் சரிவு!" முதல் பிரதியோடு வீட்டுக்கு ஓடினார்.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"போன வாரம் நூறு ஏறுச்சு. இப்ப அம்பது இறங்கியிருக்கு. மிச்சம் அம்பதும் இறங்கட்டும், முழுங்கறேன்."

சதவீதர் விரல் மடக்கிப் பார்த்தார். அதானே, அந்த மிச்சம் ஐம்பது எங்கே போயிற்று? அம்மா இன்னமும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சதவீதத்தைக் கைவிட்டார்.

"அம்மா, பத்தாயிரம் பேர் இதை முழுங்கறாங்க. ஒருத்தருக்கு மயக்கம் வருது. மத்தவங்க எல்லாம் முழுங்கிட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கறாங்க."

மாத்திரை உள்ளே போனது.

"பாவி, இதை முதல்லயே இப்படி எழுதித் தொலைக்கறதுக்கென்ன?"

"தலைப்புல இடம் பத்தாதும்மா."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த மிச்சம் ஐம்பதைத் தேடி நீங்களும் ஒரு கணம் விரல் மடக்கினீர்களா, இல்லையா? மடக்கியிருந்தால் சொல்லுங்கள். ஏசிக்குக் கீழே இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.