உருக்கர்கள் சாமியைக் கைவிட்ட காரணம்

பூமி உருண்டை என்று கண்டுபிடித்ததற்குப் பிறகு மனித குலம் செய்த பெரிய ஆராய்ச்சி எது என்று யாராவது கேட்டால், தியாகதுருகத்தில் பஸ் பிடித்து நெடுங்கரைப்பட்டில் இறங்கி விசாரிக்கச் சொல்ல வேண்டும். அந்த ஊர் அம்மன் கோயில் திருவிழாக் குழுவினர் பதினொரு பேரும், டீயும் மசால்வடையும் மட்டுமே ஏற்றுக்கொண்டு, மூன்றே நாளில் ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு போர்க்குலம் ஏன் சாமி கும்பிடுவதை விட்டது என்பதே அந்த உண்மை. அப்படி ஒரு குலம் உலகத்தில் எங்கேயும் கிடையாது என்பது சின்னக் குறைதான். அதை வைத்து ஆராய்ச்சியை மட்டம் தட்டக்கூடாது.

குலம் இருந்த இடம் தங்கதுரையின் செல்போன். தங்கதுரை குழுவின் செயலாளர், நாற்பத்தெட்டு வயதுக் கரும்புக்காரர். மோட்டார் கொட்டகையில் மும்முனைக் கரண்டுக்குக் காத்திருக்கும் மதியங்களில் 'கல்கோட்டைப் போர்' என்னும் விளையாட்டை ஆடி வந்தார். அதில் நாலு குலங்கள் உண்டு. அவர் எடுத்துக்கொண்டது உருக்கர் குலம். பச்சை உடம்பு, கோரைப்பல், மார்புவரை மீசை, கையில் கோடாலி. நாற்பதாவது கட்டத்தில் அவருடைய உருக்கன் தளபதியானான். போன் அவனுடைய விவரச்சீட்டைக் காட்டியது. பெயர், உயரம், வீரம் எல்லாம் திருப்தி. மதம் என்ற இடத்தில் மட்டும் 'இல்லை, கைவிட்டனர்' என்று இருந்தது.

தங்கதுரைக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கோயில் மண்டபத்தில் 'அவசரக் கூட்டம்' கூடியது.

"கைவுட்டாங்களா? எவன் சொன்னது?" என்றார் தர்மகர்த்தா கண்ணாயிரம்.

"போன்லயே போட்டிருக்கான் மாமா."

"அவங்க இன்னா ஆளுங்க?"

எந்த ஆராய்ச்சிக்கும் முதல் கேள்வி அதுதான் என்பது நெடுங்கரைப்பட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தங்கதுரை போனைத் திருப்பிப் பிடித்தார். பதினொரு தலைகள் அதன்மேல் கவிந்தன.

"மீசயப் பாருங்க. இடுப்புல கத்தி. கோட்டைக்கு அந்தாண்ட மலையே அவங்களுதாம். வேற இன்னாவா இருப்பாங்க?"

"நம்ம ஆளுங்கதான்" என்று தீர்ப்புச் சொன்னார் கண்ணாயிரம்.

"பச்சையா கீறாங்களே?"

"வெயில்லயே நின்னுக்கினு இருந்தா அப்டித்தான் ஆவும்."

நம் ஆட்கள் சாமியை விட்டுவிட்டார்கள் என்றால் சும்மா இருக்க முடியுமா? காரணத்தைக் கண்டுபிடித்தால் திருப்பிக் கூட்டிவந்துவிடலாம். 'மத விலகல் காரண ஆய்வு' என்று பெயர் வைத்தார்கள். உருக்கர்களின் வரலாறு போனுக்குள்ளேயே, தமிழில், முப்பத்தாறு பக்கம் இருந்தது. குழுவின் எழுத்தர் தெய்வசிகாமணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் வரியைப் பார்த்தார். 'சாமி பொய் என்று உருக்கர்கள் சொன்னார்கள்' என்று இருந்தது. போனை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இத என் வாயால படிச்சா பாவம் எனக்கில்ல வரும்?"

நியாயமான சந்தேகம். மண்டபமே யோசித்தது. படிக்கவும் தெரிய வேண்டும், பாவம் வந்தாலும் ஊருக்கு நஷ்டம் இருக்கக்கூடாது. அப்படி ஒரு ஆள் வேண்டும்.

"காலனில மாயவன் இருக்கான்" என்றார் கண்ணாயிரம்.

மாயவன் கரும்பு வெட்டுகிறவன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிற கரும்பை முப்பது வருஷமாக வெட்டியவன். எந்த வயலை வெட்டுவது என்று ஆலை தரும் கட்டிங் ஆர்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அடுத்தவன் முகத்தைப் பார்த்து அலுத்துப்போய், நாற்பத்திரண்டாம் வயதில் இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றுக்கொண்டான். இப்போதும் வரிக்கடியில் விரலை ஓட்டித்தான் படிப்பான். வெட்டுக்கத்தி பிடித்த விரல் என்பதால் ஒரு தடவைக்கு இரண்டு எழுத்தை மறைக்கும்.

இதைத் தவிர மாயவனுக்கு ஒரு பரம்பரைப் பெருமையும் உண்டு. தேர்த் திருவிழாவில் சக்கரத்துக்குக் கட்டை போடும் உரிமை அவன் குடும்பத்துடையது. ஓடும் தேர் திரும்பவும் நிற்கவும், சக்கரத்துக்கு அடியில் நீளக் காம்பு வைத்த கட்டையைச் சரியான நேரத்தில் கொடுத்து எடுக்க வேண்டும். இந்த உரிமையில் அவன் அப்பனுக்கு மூன்று கால்விரல்கள் போயின. கட்டை தேரைத் தொடும், கை கட்டையைத் தொடும், ஆனால் காம்பு வழியாகத் தீட்டு ஏறாது என்று முன்னோர்கள் அந்தக் காலத்திலேயே ஆராய்ந்து வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி இந்த ஊருக்குப் புதிதல்ல.

கூப்பிட்டதும் மாயவன் வந்தான். மண்டபத்துக்குக் கீழே மணலில் நின்றான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டான்.

"படிக்கறேங்க. எனக்கும் ஒரு விசயம் இருக்குதுங்க."

"இன்னா?"

"எங்க வூட்டுக்காரிக்கு இடுப்பு போயி ரெண்டு வருசம் ஆவுது. லோடு ஏத்தச்சொல்ல கரும்புக் கட்டு சரிஞ்சி மேல வுழுந்ததுங்களே. முன்னல்லாம் தேரு திரும்பற முக்குல போயி நின்னு கும்புட்டுக்கினு வருவா. இப்ப எழுந்திரிக்க முடியல. இந்த வருசம் முக்குல திரும்பாம, எங்க தெருவுல நாலு வூடு உள்ள வந்து திரும்புனா, கட்டில்ல படுத்துக்கினே பாத்துடுவா. நாலாவது வூடுதாங்க எங்களுது."

பதினொரு பேரும் மேற்கூரையைப் பார்த்தார்கள்.

"மொதல்ல படிச்சி முடி. உன் விசயத்த கூட்டத்துல வச்சிடலாம்" என்றார் கண்ணாயிரம்.

போனை அவன் கையில் கொடுப்பதா என்று ஒரு நுட்பமான சிக்கல் எழுந்தது. போன்மேல் தனியாக ஒரு கண்ணாடி ஒட்டியிருப்பதால் உள்ளே ஒன்றும் இறங்காது என்று தங்கதுரை விளக்கினார். ஏற்கப்பட்டது.

முதல் நாள் மாயவன் உருக்கர்களை ஒவ்வொரு எழுத்தாக மலையிலிருந்து இறக்கினான். கோட்டைக்காரர்கள் சாமிக்கு ஒரு பெரிய கோயில் கட்ட ஆசைப்பட்டார்கள். உருக்கர்கள்தான் மலையிலிருந்து கல் கொண்டுவந்தார்கள். படிக்கும்போது மாயவனுக்குக் கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிந்தது. தேர்ச்சக்கரத்துக்கு மரம் அங்கிருந்துதான் வந்தது. அதைத் தோளில் இறக்கினவர்களில் அவன் பாட்டனும் ஒருவன். கோயில் கட்டி முடிந்தது. உருக்கர்கள் உள்ளே போக வந்தார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

"யாரு சாத்துனது?" என்றார் கண்ணாயிரம்.

"கோட்டக்காரங்கன்னு போட்டிருக்குதுங்க."

"அயோக்கியப் பசங்க. கல்லு தூக்குனவன உள்ள வுடாத கோயிலு ஒரு கோயிலா?"

பதினொரு பேரும் தலையாட்டினார்கள். மாயவன் கீழே மணலில் உட்கார்ந்து அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் முழுக்கக் கதையில் ஒரு பறக்கும் பாம்பு வந்து போனது. மூன்றாம் நாள், முப்பத்தோராம் பக்கத்தில், போன் ஒரு தரம் முனகிவிட்டு அணைந்தது. சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. மாயவன் விரல் நின்றது. மேலே குழுவினர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடா, நிறுத்திட்ட?"

சார்ஜ் இல்லை என்றால் கூட்டம் தள்ளிப்போகும். மறுநாள் அவனுக்குக் கட்டிங் ஆர்டர். அவன் விஷயம் கூட்டத்துக்கு வராமலேயே தேர் வந்துவிடும். கறுத்துப்போன கண்ணாடியில் அவன் முகம்தான் தெரிந்தது. அதன்மேல் விரலை வைத்தான். படித்தான்.

"சாமிக்கு ஒரு தேர் இருந்தது. அதை உருக்கர்களே இழுத்தார்கள். தேர் கோட்டையைச் சுற்றி வரும். உருக்கர்கள் குடியிருக்கும் பள்ளத்தாக்கு முனைக்கு வந்ததும் திரும்பிவிடும். பாதை குறுகல் என்று கோட்டைக்காரர்கள் சொன்னார்கள். பள்ளத்தாக்கில் ஒரு கிழவி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். ஒரு தரம் சாமியைப் பார்த்தால் போதும் என்றாள். வருஷா வருஷம் மேளச் சத்தம் கேட்கும். கட்டிலில் தலையைத் தூக்குவாள். சத்தம் முனைவரை வரும். பிறகு தூரப் போகும். ஒரு வருஷம் உருக்கர்கள் வடத்தைக் கீழே போட்டார்கள். வராத சாமி எங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்."

ஒரு இடத்திலும் திக்கவில்லை. மூன்று நாள் பழக்கத்தில் வாசிப்பு தேறிவிட்டது என்று நினைத்தார்கள். கண்ணாயிரம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாலடி வுட்டா இன்னா கொறஞ்சிடும் அவனுங்களுக்கு? ஒரு கெழவி ஆசைப்பட்டா."

"நம்ம பொம்பளைங்க மாமா" என்றார் தங்கதுரை.

அங்கேயே தீர்மானம் போட்டார்கள். நாத்திகர்களைப் பற்றி எழுதுவதும் பாவம் என்பதால் அதையும் மாயவனே நாற்பது பக்க நோட்டில் எழுதினான். 'உருக்கர்கள் வடத்தைக் கீழே போட்டது நியாயமே. வாசலுக்குத் தேர் விடாத கோட்டைக்காரர்களை இக்குழு வன்மையாகக் கண்டிக்கிறது. பாதை குறுகல் என்பது நொண்டிச் சாக்கு. உடனே தேரை விடவேண்டும்.' பேனா வழியாகத் தீட்டு ஏறாது என்பதால், நோட்டில் கை படாமல் பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். படித்து முடித்த பிறகுதான் சார்ஜ் தீர்ந்தது என்று நினைத்த தங்கதுரை, போனை வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து, தீர்மானத்தைப் படம்பிடித்து விளையாட்டைச் செய்த பெங்களூர்க் கம்பெனிக்கு அனுப்பினார்.

அதன்பின் மாயவன் விஷயம் எடுத்துக்கொள்ளப்பட்டது. துண்டை உதறித் தோளில் போடும் நேரம் அது விவாதிக்கப்பட்டது.

"தெரு குறுகல் மாயவா."

"கரும்பு வச்சி அளந்துட்டேங்க. தேரு ரெண்டு கரும்பு. தெரு மூணு கரும்பு."

"கரும்பு அளவெல்லாம் சட்டப்படி செல்லாது" என்றார் தெய்வசிகாமணி.

"உங்க டிராக்டரே ரெண்டு டிப்பர் மாட்டிக்கினு தெனம் எங்க தெருவுலதாங்க போவுது."

"டிராக்டர்ல சாமியா இருக்குது?" என்றார் கண்ணாயிரம்.

வாதம் அசைக்க முடியாதது. மாயவன் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போனான். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவன் தொட்ட நோட்டை யார் வாங்குவது?

மூன்று வாரம் கழித்துத் தேர்த் திருவிழா. மேளம் முழங்கியது. அம்மன் அலங்காரத்தோடு ஏறி உட்கார்ந்தாள். வடம் தரையில் கிடந்தது. தொட ஆள் இல்லை. வருஷா வருஷம் வடம் பிடிக்கும் காலனிக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. ஊர்த்தெருப் பையன்கள் வடத்தைத் தூக்கினார்கள்தான். ஆனால் சக்கரத்துக்கு யார் கட்டை கொடுப்பது என்றதும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் பத்து விரல்கள் இருந்தன. தேர் நின்ற இடத்திலேயே நின்றது.

குழுவினர் பதினொரு பேரும் காலனிக்குள் வந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் வந்தால் மரியாதை யாருக்கு முதலில் என்ற பிரச்சினை வரும். அதனால் வரிசையாகத் தோளோடு தோளாக வந்தார்கள். குறுகலான தெரு. பதினொரு பேருக்கும் இடம் போக இரண்டு பக்கமும் கோழி மேய்ந்தது.

நாலாவது வீட்டு வாசலில் கட்டில். கட்டிலில் மாயவனின் மனைவி இருசம்மாள். பக்கத்தில் மாயவன். கட்டை சுவரில் சாய்ந்திருந்தது.

"இன்னா மாயவா, சாமி காரியத்துல வெளயாடற? இன்னா காரணம் சொல்லு" என்றார் கண்ணாயிரம்.

மாயவன் தீர்மானப் பக்கத்தைப் பிரித்து நோட்டைக் கட்டில் கால்மாட்டில் வைத்தான். தன் கையெழுத்து இருக்கும் தீர்மானத்தைப் படிப்பதில் பாவம் இல்லை என்பதால் தெய்வசிகாமணி எட்ட நின்று குனிந்து உரக்கப் படித்தார். 'வடத்தைக் கீழே போட்டது நியாயமே' என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது. 'நொண்டிச் சாக்கு' என்ற இடத்தில் நின்றேபோனது.

"இது அவங்களுக்கு எழுதுனதுடா" என்றார் கண்ணாயிரம்.

"கையெழுத்து உங்களுதுதானுங்களே" என்றாள் இருசம்மாள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கதுரையின் போன் மணி அடித்தது. பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மாமா, கம்பெனிக்காரன் ஏத்துக்கினான். தேர் ஐடியா ரொம்ப நல்லா இருக்குதாம். இதுவரைக்கும் ஆட்டத்துல தேரே இல்லியாம், நமக்காகப் புதுசா செஞ்சி வுட்டிருக்கானாம்."

தேரே இல்லை என்ற சொல் யார் காதிலும் விழவில்லை, மாயவன் காதைத் தவிர. பதினொரு தலைகள் போன்மேல் கவிந்தன. பள்ளத்தாக்கில் தேர் அசைந்து அசைந்து போனது. ஒரு குடிசை வாசலில் நின்றது. கட்டிலில் கிடந்த பச்சைக் கிழவி தலையைத் தூக்கினாள். 'மதம்' என்ற இடத்தில் 'உண்டு' என்று எழுத்து மாறியது. குழுவினர் இருசம்மாளுக்கு முதுகைக் காட்டியபடி, நடுத்தெருவில், கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"அந்தப் போனையாவது இப்டிக் குடுங்க. நானும் ஒருவாட்டி பாத்துக்கறேன்" என்றாள் இருசம்மாள்.

தங்கதுரை கையை நீட்டினார். பாதியில் இழுத்துக்கொண்டார்.

"ஒட்டியிருந்த கண்ணாடி போன வாரம் ஒடஞ்சிடுச்சி மாமா" என்றார், கண்ணாயிரத்திடம்.

இருசம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"யோவ், அந்தக் கட்டைய அடுப்புல வையி. ஒலை கொதிக்கட்டும்."

மாயவன் வைத்தான். நல்ல வைரம் பாய்ந்த மரம். நின்று எரிந்தது.

நெடுங்கரைப்பட்டு சோர்ந்துவிடவில்லை. காலனிக்காரர்கள் ஏன் சாமியைக் கைவிட்டார்கள் என்று கண்டுபிடிக்க இரண்டாவது ஆராய்ச்சியை அறிவித்திருக்கிறார்கள். காரணம் மாயவன் நோட்டிலேயே, பதினொரு கையெழுத்தோடு இருக்கிறதாம். அதைத் தொட்டு எடுத்துப் படிக்க, பாவம் வந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.